படத்துக்கு இரண்டு வரி

நாம் சிறுவர்களாக இருந்தபோது தோட்டத்துக்குத் தபால் வருவது ஒரு பெரிய நிகழ்ச்சி. ஆபீசிலிருந்து கிராணி கடிதங்களைக் கொடுத்தனுப்புவார். எழுத்தறிந்த ஒருவர் லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். சுற்றி நாலைந்து பேர் நின்று கேட்பார்கள். சில வேளைகளில் உறைக்குள் ஒரு புகைப்படமும் இருக்கும். கண்ணில் புரை விழுந்த பாட்டிமார் அதைக் கையில் வாங்கி, விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, "என்னப்பா இருக்கு இதுல?" என்று திருப்பிக் கொடுப்பார்கள். படித்தவர் சொல்வார்: "உன் பேரன் நிக்கிறான் பாட்டி. நீலச் சட்டை. பக்கத்துல ஒரு சைக்கிள், புதுசு மாதிரி இருக்கு. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்." பாட்டிக்கு அது போதும். மறுநாள் காலையில் பெரட்டுக்களம் முழுவதும் பேரன் சைக்கிள் வாங்கிய செய்தி பரவிவிடும்.

இன்றைக்கு நாம் பேசப் போவது இதே காரியத்தைப் பற்றித்தான். இடம் மட்டும் மாறியிருக்கிறது. லயத்துப் படிக்கட்டுக்குப் பதிலாகக் கணினித் திரையும் கைப்பேசியும் வந்திருக்கின்றன. இணையப் பக்கத்தில் ஒரு படத்தைப் போடும்போது, அதைக் காண முடியாதவருக்காக இரண்டு வரி எழுதி வைப்பது எப்படி, ஏன் என்பதே இன்றைய செய்தி.

இதை நாங்கள் புத்தகத்தைப் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தோட்டம் ஜோகூரில் குளுவாங் பக்கம் இருக்கிறது. முன்பு பால்மரம், இப்போது செம்பனை. எங்கள் பள்ளியில் படித்த மாணவர் ஒருவருக்குச் சிறு வயதிலேயே பார்வை மங்கத் தொடங்கியது. முதலில் கரும்பலகை எழுத்து தெரியவில்லை. பிறகு மாலை நேரத்தில் வழி தெரியவில்லை. அந்நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி வரும் தோட்டத்து லாரியை ஒரு பெரியவர் ஓட்டி வந்தார். லாரித் தாத்தா என்றுதான் எல்லாரும் அழைப்போம். அவர் இந்தப் பையனை மட்டும் முன் இருக்கையில் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். "இப்ப கடைய தாண்டுறோம். வலப்பக்கம் கோயிலு, கொடி ஏத்தியிருக்கு. பாலத்துல ஏறுறோம், தண்ணி செம்மண்ணா ஓடுது" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். யாரும் அவருக்கு இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லிக் கொடுத்ததில்லை.

பையன் வளர்ந்தார். பார்வை முழுவதுமே போயிற்று. அக்காள் சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவரோடு ஆங் மோ கியோவில் தங்கி, தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலையில் அமர்ந்தார். எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. அதில் அவரும் இருக்கிறார்.

ஒரு நாள் காலையில் லாரித் தாத்தா காலமானார். ஆசிரியர்களாகிய நாங்கள் உடனே ஓர் அறிவிப்புத் தயாரித்தோம். நடுவில் பெரியவரின் படம், மேலே இரண்டு குத்துவிளக்கு, கீழே பெயர், வயது, வீடு, பிற்பகல் நான்கு மணிக்கு நல்லடக்க ஊர்வலம் புறப்படும் என்ற விவரம். எல்லாவற்றையும் ஒரே படமாக்கிக் குழுவில் போட்டோம். அழகாகத்தான் இருந்தது. படத்துக்குக் கீழே ஒரு சொல்கூட எழுதவில்லை.

ஆங் மோ கியோவில் அவருடைய கைப்பேசி அதை எப்படி வாசித்தது தெரியுமா? "படம்" என்றது. அவ்வளவுதான். அதன் பிறகு குழுவில் வந்த செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தது. ஆழ்ந்த இரங்கல். ஆன்மா சாந்தியடையட்டும். நல்ல மனிதர். ஆழ்ந்த இரங்கல். இப்படி முப்பது பேர் எழுதியிருந்தார்கள். யாரோ இறந்துவிட்டார் என்று அவருக்குத் தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. எங்களை அழைத்துப் பார்த்திருக்கிறார். நாங்கள் சாவு வீட்டில் நின்றோம், மணி அடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை. வேறு இருவரை அழைத்தார். அவர்களும் அப்படியே. அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருவர் தொலைபேசியை எடுத்துப் பெயரைச் சொன்னபோது, கடற்பாலத்தைக் கடந்து குளுவாங் வந்து சேர நேரமில்லை. மறுநாள் சடங்குக்குத்தான் வந்தார்.

எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "சார், அடுத்த தடவ படத்துக்குக் கீழ ரெண்டு வரி எழுதிடுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்த இரண்டு வரி என்ன என்று கேட்டறியத்தான் பள்ளி விடுமுறையில் நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் ஆங் மோ கியோவுக்குப் போனோம்.

தோட்டத்து மக்களாகிய நமக்கு அந்த ஊர் அவ்வளவு அந்நியமானதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கேயும் ரப்பர்த் தோட்டங்கள்தாம் இருந்தன. 1973-ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே புது நகரை எழுப்பத் தொடங்கியது. சிங்கப்பூரின் முதல் பெருவிரைவு ரயில் 1987 நவம்பர் 7-ஆம் நாள் ஓடியபோது, திறக்கப்பட்ட ஐந்து நிலையங்களில் ஆங் மோ கியோவும் ஒன்று. இன்று அந்த நிலையத்தில் இறங்கினால், தரையில் மேடு மேடாகப் பதித்த கோடுகள் காலுக்குத் தட்டுப்படும். கோல் ஊன்றி நடப்பவருக்கு அவை வழிகாட்டுகின்றன. அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு எங்கள் மாணவர் எங்களுக்கு முன்னே நடந்தார். வழி தவறிப் பின்தங்கியது நாங்கள்தாம்.

வீட்டில் அவர் தம் கைப்பேசியை எங்கள் முன் வைத்தார். அதில் திரை வாசிப்பான் என்றொரு மென்பொருள் இயங்குகிறது. திரையில் உள்ள எழுத்தை அது குரலாக்கிச் சொல்லும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த செய்திக்குப் போகும். இரு முறை தட்டினால் திறக்கும். இது விலை கொடுத்து வாங்கும் அபூர்வப் பொருளல்ல. நம் வீட்டில் இருக்கும் கைப்பேசியிலேயே, அமைப்புகள் என்ற பகுதிக்குள், அணுகல்தன்மை என்ற தலைப்பில் அது உறங்கிக்கொண்டிருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வாய்ஸ்ஓவர் என்ற பெயரில் இதை ஐபோனில் சேர்த்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருப்பது டாக்பேக். கணினிக்கும் உண்டு. 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் என்பவர் என்.வி.டி.ஏ. என்ற வாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். அதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள்.

அவருடைய கைப்பேசி பேசிய வேகம் நமக்குத் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் இருந்தது. அவருக்கோ ஒரு சொல்கூடத் தவறவில்லை. ஆனால் படம் வந்த இடங்களில் மட்டும் அந்த வேகம் தட்டுத் தடுமாறியது. மளிகைப் பொருள் விற்கும் ஒரு தளத்தைத் திறந்தார். "படம். பொத்தான். படம். பொத்தான்" என்றது. அரிசிக்கு எது, பருப்புக்கு எது என்று அதற்குத் தெரியவில்லை. இன்னொரு பக்கத்தில் படத்தின் கோப்புப் பெயரையே வாசிக்கத் தொடங்கி, "ஐ எம் ஜி, இரண்டு, பூஜ்யம், இரண்டு, மூன்று" என்று எண்களாக அடுக்கியது. கேட்கிற நமக்கே தலை சுற்றியது.

இந்த இடத்தில் சற்று நின்று, பொறிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இணையப் பக்கம் எழுதப்படும் மொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். பக்கத்தில் ஒரு படம் வேண்டுமென்றால், இன்ன கோப்பை எடுத்து இங்கே காட்டு என்று அந்த மொழியில் ஒரு கட்டளை எழுதுவார்கள். அந்தக் கட்டளைக்குள்ளேயே இன்னொரு சிறு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் ஆல்ட். மாற்று என்று பொருள். படத்துக்கு மாற்றாக நிற்கும் சொற்களை அங்கே எழுத வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. வாசிப்பான் அதை எடுத்துச் சொல்லும். நிறைக்குப் போகும் பால்வாளியில் வெட்டுக்காரரின் இலக்கம் இல்லாவிட்டால் கிராணி அதை யார் கணக்கில் எழுதுவார்? வாளி நிறையப் பால் இருந்தும் பயனில்லை. ஆல்ட் என்னும் இடம் காலியாக இருக்கும் படமும் அப்படித்தான்.

இந்த ஏற்பாடு புதிதன்று. 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த எச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பிலேயே இது உண்டு. அந்நாளில் படம் காட்டத் தெரியாத கணினிகள் இருந்தன. தொலைபேசிக் கம்பி வழியே படம் இறங்க வெகு நேரம் பிடித்தது. அதற்கும் இந்த மாற்றுச் சொற்கள் உதவின. இன்றும் உதவுகின்றன. நம் தோட்டத்தில் மழைக்காலத்தில் லைன் கிடைக்காமல் படம் இறங்காமல் நின்றுவிடுகிறதே, அப்போது கட்டத்துக்குள் சில சொற்கள் தெரிந்தால், அவை யாரோ ஒருவர் பொறுப்போடு எழுதி வைத்தவை என்று தெரிந்துகொள்ளலாம். இணைய வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1994-இல் நிறுவிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, அனைவரும் பயன்படுத்தக்கூடிய பக்கங்களுக்கான நெறிமுறைகளை 1999-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டது. அதில் முதல் விதியே படத்துக்கு எழுத்து வேண்டும் என்பதுதான்.

விதி இருந்தால் போதுமா? கேட்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் ஆஸ்திரேலியாவில் இருந்தார். 2000-ஆம் ஆண்டில் சிட்னி நகரில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்தது. அதற்கென்று ஒரு பெரிய இணையத் தளம் அமைத்தார்கள். புரூஸ் மகுவையர் என்பவர் பிறவியிலேயே பார்வையற்றவர். பிரெயில் காட்டும் கருவியைக் கொண்டு அந்தத் தளத்தைப் படிக்கப் பார்த்தார். படங்களுக்கு மாற்றுச் சொற்கள் இல்லை. விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழியில்லை. முடிவுகளைக் காட்டும் அட்டவணையும் பிடிபடவில்லை. மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார். இவ்வளவு பெரிய தளத்தை மாற்ற ஆளும் காலமும் பணமும் மிகுதியாகச் செலவாகும் என்று விளையாட்டுக் குழு வாதாடியது. ஆணையம் ஏற்கவில்லை. 2000 ஆகஸ்டில், அந்தத் தளம் அவரைப் பாகுபடுத்தியது என்று தீர்ப்பளித்து, விளையாட்டுத் தொடங்கும் செப்டம்பர் 15-ஆம் நாளுக்குள் சரிசெய்யச் சொன்னது. முழுவதும் சரிசெய்யப்படவில்லை. அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய வெள்ளி இழப்பீடு கொடுக்கும்படி அந்த ஆண்டே உத்தரவாயிற்று. ஒரு தனி மனிதர், ஓர் ஒலிம்பிக் குழு! நம் மலேசியாவிலும் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், தகவலும் தொடர்புச் சாதனங்களும் மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் எட்ட வேண்டும் என்று சொல்கிறது.

ஆங் மோ கியோவுக்குத் திரும்புவோம். மாலையில் எங்களை வெளியே அழைத்துச் சென்று, இரண்டாம் அவென்யூவில் உள்ள 259-ஆம் புளோக்கின் முன்னே நிறுத்தினார். "இத ஒரு படம் புடிச்சிக்கிங்க சார். அப்புறம் எனக்கு எழுதிக் காட்டுங்க" என்றார். பாடம் சொல்லிக் கொடுத்துப் பழகிய எங்களுக்குத் தேர்வு வைத்துவிட்டார்.

நாங்கள் முதலில் எழுதியது இது: "உயரமான கட்டடம்." வாசிப்பான் சொல்லக் கேட்டுச் சிரித்தார். ஆங் மோ கியோவில் எது சார் உயரமில்லாத கட்டடம் என்றார். மறுபடியும் எழுதினோம். இம்முறை பத்து வரிக்கு நீண்டுவிட்டது. வானத்தின் நிறம், மேகம், நிறுத்தியிருந்த வண்டிகள், சன்னல், துணி காயப் போட்ட மூங்கில் கழி என்று எல்லாம் வந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டார். "கண்ணு உள்ளவங்க ஒரு பார்வை பாத்துட்டுத் தாண்டிப் போயிடுவாங்க சார். நான் மட்டும் அஞ்சு நிமிசம் நிக்கணுமா?"

மூன்றாம் தடவை எழுதியது இப்படி: "ஆங் மோ கியோ 259-ஆம் புளோக். வட்டமான நான்கு கோபுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நாலிதழ்ப் பூவைப்போல நிற்கும் அடுக்குமாடி வீடு." இப்போது தலையாட்டினார். 1981-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் சிறப்பே அந்த வட்ட வடிவந்தான். மற்ற புளோக்குகள் நேர்கோட்டில் நிற்கின்றன. அதை விட்டுவிட்டு மேகத்தைப் பற்றி எழுதி என்ன பயன்?

அத்தோடு விடவில்லை. "இதே படத்துல அக்கா மக நிக்கிறான்னு வச்சிக்கிங்க. பள்ளிக்கூடத்துல முதல் நாள். தோட்டத்துல இருக்கிற எங்க அம்மாவுக்கு அனுப்புறோம். அப்ப என்ன எழுதுவீங்க?" என்றார். அப்போது கட்டடம் பின்னுக்குப் போகிறது. "பேத்தி புதுச் சீருடையில், முதுகுப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் 259-ஆம் புளோக்." படம் ஒன்றுதான், சொல்ல வேண்டியது வேறு. இந்தப் படம் இங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டால் எதை எழுதுவது, எதை விடுவது என்று விளங்கிவிடுகிறது. எங்களுக்கு அன்று கிடைத்த திறவுகோல் அந்தக் கேள்விதான். மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

தேடுவதற்கான பொத்தானில் ஒரு பூதக்கண்ணாடிப் படம் இருக்கும். அதற்குப் பூதக்கண்ணாடி என்று எழுதினால் கேட்பவர் என்ன செய்வார்? தேடு என்று எழுத வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் அழகுக்காக ஒரு கோலம் போட்டிருந்தால், ஆல்ட் என்ற இடத்தை வைத்துவிட்டு அதற்குள் ஒன்றும் எழுதாமல் விட வேண்டும். வாசிப்பான் பேசாமல் தாண்டிப் போகும். இடத்தையே வைக்காமல் விட்டால்தான் கோப்புப் பெயரை வாசிக்கும் தொல்லை. படம் என்ற சொல்லில் தொடங்கவும் தேவையில்லை. அதைப் பொறியே சொல்லிவிடுகிறது. நீண்ட அட்டவணை, வழிகாட்டும் வரைபடம் போன்றவற்றை இரண்டு வரியில் அடைக்க முடியாது. அவற்றின் விவரத்தைப் பக்கத்திலேயே எல்லாரும் படிக்கும்படி எழுதிவிடுவது நல்லது.

நிறத்தைச் சொல்லலாமா என்று தயங்கிக் கேட்டோம். பார்வையற்றவரிடம் நிறம் பேசுவது மனத்தைப் புண்படுத்துமோ என்ற எண்ணம். மறுநாள் லிட்டில் இந்தியாவுக்குப் போனபோது பதில் கிடைத்தது. கெர்பாவ் சாலையில் டான் டெங் நியா என்ற சீன வணிகரின் பழைய வீடு இருக்கிறது. 1900-ஆம் ஆண்டில் கட்டியது. மிட்டாய் செய்து விற்ற குடும்பம். ரப்பர் உலர்த்தும் புகைவீடும் அவருக்கு இருந்ததாம். புகைவீடு என்றதும் எங்கள் மூக்கில் அந்த வாடை ஏறிவிட்டது. அந்த வீட்டின் ஒவ்வொரு கதவுக்கும் சன்னலுக்கும் இன்று வெவ்வேறு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அதைப் படம் பிடிக்காத சுற்றுப்பயணி இல்லை. நிறத்தை விட்டுவிட்டால் அந்தப் படத்தில் என்ன மிச்சம்? "நான் பத்து வயசு வரைக்கும் மஞ்சளப் பாத்திருக்கேன் சார். ஞாபகம் இருக்கு" என்றார். பிறவியிலேயே பார்வையற்றவருக்கும் மஞ்சள் மங்கலம் என்றும் சிவப்பு அபாயம் என்றும் தெரியும். அவர்களும் நம்மிடையேதான் வாழ்கிறார்கள்.

இன்னொன்றை நம் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். கண்ணில் படுவதை எழுத வேண்டுமே தவிர, நம் கற்பனையில் தோன்றுவதை எழுதக்கூடாது. நம் தோட்டத்துப் பெண்களைப் படமெடுத்து, வறுமையில் வாடும் தொழிலாளி என்று கீழே எழுதிவிடுகிறார்கள். அந்த அம்மாள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பார், அவ்வளவுதான். மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருப்பாள். "தலையில் துண்டு கட்டிய பெண், செம்பனைக் குலையின் பக்கத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்" என்று எழுதினால் பொய்யில்லை. மற்றதைக் கேட்பவர் தாமே முடிவு செய்துகொள்ளட்டும்.

இனி, நம் தமிழுக்கென்று உள்ள ஒரு சங்கடத்துக்கு வருவோம். தமிழ் இணையத்தில் ஏறிய தொடக்க நாட்களிலேயே சிங்கப்பூருக்குப் பங்குண்டு. எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 1995-ஆம் ஆண்டில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தந்த தளத்தில் தமிழையும் ஏற்றினார். அந்நாளில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு. அது நம் கணினியில் இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் ஏதேதோ கிறுக்கல் தெரியும். அதற்கு அஞ்சிப் பலர் தமிழ் எழுத்தைப் படமாகவே ஒட்டினார்கள். பிறகு ஒருங்குறி என்னும் பொது முறை பரவியது. உலக எழுத்துகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் கொடுத்த முறை அது. அதனால்தான் இன்று நாம் அனுப்பும் தமிழ்ச் செய்தியை எந்தக் கைப்பேசியும் காட்டுகிறது. வாசிப்பானும் குரல் கொடுத்துப் படிக்கிறது. இதற்காக எத்தனையோ தமிழறிஞர்களும் பொறியாளர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? கோயில் திருவிழா அறிவிப்பு படம். வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரம் படம். பள்ளிக்கூடச் சுற்றறிக்கையைக் கைப்பேசியில் பிடித்தனுப்புகிறோம், அதுவும் படம். தட்டெழுத்தாக இருந்தால் காதில் விழும் தமிழை நாமே எடுத்துப் படத்துக்குள் பூட்டி வைக்கிறோம். லாரித் தாத்தாவின் அறிவிப்பில் நாங்கள் செய்ததும் இதுதான். அழகான படத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் உள்ள எழுத்து முழுவதையும் கீழே ஒரு முறை தட்டச்சு செய்துவிட்டால் போதும். வாட்ஸ்அப்பில் படத்துக்குக் கீழேயே எழுத இடமுண்டு. முகநூலில் மாற்று உரை என்று தனி இடமே இருக்கிறது. பள்ளித் தளத்தில் படம் ஏற்றும்போதும் அதற்கென்று ஒரு கட்டம் வரும். இத்தனை காலம் நாங்கள் அதைக் காலியாக விட்டு அடுத்ததைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அதுவே படத்தைப் பார்த்துச் சொல்லிவிடாதா என்று படித்த பிள்ளைகள் கேட்கலாம். சொல்கிறதுதான். முகநூல் 2016-ஆம் ஆண்டிலிருந்து படங்களுக்குத் தானே விளக்கம் சேர்க்கிறது. டென்மார்க்கில் 2015-இல் தொடங்கிய பி மை ஐஸ் என்ற செயலியில், முதலில் உலகெங்கும் உள்ள தொண்டர்கள் பார்வையற்றவரின் கைப்பேசி வழியே பார்த்து உதவினார்கள். 2023 முதல் பொறியும் பார்த்துச் சொல்கிறது. எங்கள் மாணவரும் அதைப் பயன்படுத்துகிறார். தகர டப்பாவில் இருப்பது பாலா, சாறா என்று அறிய மிகவும் உதவுகிறது என்றார். ஆனால் எங்கள் பள்ளியின் பழைய படம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது, "ஒரு வாகனத்தின் முன் சில பிள்ளைகளும் ஒரு முதியவரும் நிற்கிறார்கள்" என்றது. தப்பில்லை. அந்த முதியவர் யார் என்பதை அந்தப் படத்தை எடுத்த நாம்தானே சொல்ல முடியும்?

பார்வையில்லாதவர் எழுத்தைத் தொட முடியாது என்று நம் முன்னோர் எண்ணவில்லை. பிறவியிலேயே பார்வையற்ற அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு முதுகில் எழுத்துகளை வரைந்து காட்டித் தமிழ் கற்பித்தார்கள் என்று சொல்வதுண்டு. எங்கள் வகுப்பில் இப்போது வாரம் ஒரு நாள் ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும். இன்னொரு பிள்ளை ஒரு படத்தை இரண்டு வரியில் சொல்லும். பின் கண்ணைத் திறந்து பார்த்து, எது விட்டுப்போயிற்று என்று முதல் பிள்ளை சொல்ல வேண்டும். கட்டுரை எழுதச் சொன்னால் ஓடி ஒளியும் பிள்ளைகள் இதற்குப் போட்டி போடுகிறார்கள். தோட்டத்தில் இவ்வளவு நல்ல கண்கள் இருப்பது நமக்கே இப்போதுதான் தெரிகிறது.

சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாப் படத்தைக் குழுவில் போட்டபோது கீழே இப்படி எழுதினோம்: "பள்ளி மைதானத்தில் பரிசளிப்பு. ஆறாம் ஆண்டு மாணவர்கள் பதினொரு பேர் இரண்டு வரிசையில். முன்வரிசையில் நடுவில் இருக்கும் பெண் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள்." எழுதிவிட்டு ஒரு தடவை வாசிப்பானை இயக்கிக் கேட்டும் பார்த்தோம். திருப்தியாகவே இருந்தது. அரை மணி நேரத்தில் ஆங் மோ கியோவிலிருந்து குரல் செய்தி வந்தது.

"நல்லா இருக்கு சார். ஆனா ஒன்ன விட்டுட்டீங்க. பின்னால அந்த ரம்புத்தான் மரம் இன்னும் நிக்குதா? தாத்தா அதுக்குக் கீழதான் லாரிய நிப்பாட்டுவாரு."

படத்தை எடுத்து மீண்டும் பார்த்தோம். இடது மூலையில் பாதி மரம் தெரிந்தது. "நிற்கிறது, இந்த ஆண்டு நிறையக் காய்த்திருக்கிறது" என்று எழுதி அனுப்பினோம்.